‘ஏ’ கிரேடு காட்டுகிற கம்பெனியை நம்பிப் பதிப்பகத்தை ஒப்படைக்கலாமா?

கேள்வி: அப்பா 1986இல் தொடங்கிய பதிப்பகத்தை மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். 400க்கு மேல் தலைப்புகள், என்னையும் சேர்த்து ஆறு பேர். இணைய விற்பனை, மின்னூல், ஸ்டாக் கணக்கு, எழுத்தாளர்களின் ராயல்டி எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்கு மாற்ற நினைக்கிறோம். மூன்று கம்பெனிகள் வந்திருக்கின்றன. முதலாவது பெரிய நிறுவனம், வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கும் செய்கிறது. சைபர் பாதுகாப்பு ரேட்டிங்கில் தங்களுக்கு ‘ஏ’ என்று ஓர் அறிக்கை காட்டினார்கள். இரண்டாவது நடுத்தரம், ‘பி’. மூன்றாவது கோயம்புத்தூரில் நான்கு பேர் நடத்துவது, எங்களைப் போன்ற சின்னப் பதிப்பகங்களுக்கு மட்டும் செய்கிறார்கள். அவர்களுக்கு ‘டி’ என்று பெரிய நிறுவனத்தின் பிரதிநிதியே எடுத்துக் காட்டினார். அப்பாவோ “நாப்பது வருஷத்துல எவனும் எதையும் திருடல, இதெல்லாம் எதுக்கு” என்கிறார். எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

— ஒரு பதிப்பாளர், திருச்சி

பதில்:

வணக்கம். அந்த ‘ஏ’, ‘பி’, ‘டி’ எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இப்படி மதிப்பெண் போடுவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு ஏ முதல் எஃப் வரை கிரேடு கொடுக்கும், பிட்சைட் 250இலிருந்து 900 வரை எண் கொடுக்கும். இவர்கள் யாரும் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. தெருவில் நின்றுகொண்டு வீட்டைப் பார்க்கிற மாதிரி, இணையத்தில் வெளியே தெரிவதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். இணையதளத்தின் சான்றிதழ் சரியாக இருக்கிறதா, சர்வரில் எந்தெந்தக் கதவு திறந்து கிடக்கிறது, பழைய வெர்ஷன் மென்பொருள் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா, அவர்கள் பெயரில் வேறு யாரும் மெயில் அனுப்பாதபடி டொமைனில் எஸ்பிஎஃப், டிமார்க் பதிவுகள் போட்டிருக்கிறார்களா, ஊழியர்களின் பாஸ்வேர்டு கசிந்த பட்டியல் எதிலாவது இருக்கிறதா, பெரும்பாலும் இவ்வளவுதான். இது வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். வாசல் கதவையே பூட்டாதவர் பீரோவைப் பூட்டியிருப்பாரா என்று சந்தேகப்படுவது நியாயம்தான், நானும் ஒரு கம்பெனியை ஆராயும்போது முதல் அரை மணி நேரம் இதைத்தான் பார்க்கிறேன். ஆனால் பீரோவில் என்ன இருக்கிறது, சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது, வீடு எரிந்தால் பத்திரங்களின் நகல் வேறெங்காவது இருக்கிறதா, இதில் ஒன்றுகூடத் தெருவிலிருந்து தெரியாது.

அப்புறம், ‘டி’ என்பது பார்க்கப் பயமாக இருந்தாலும் காரணம் சின்னதாக இருக்கலாம். என்றைக்கோ சோதனைக்காகத் திறந்த ஒரு பக்கத்தை மூடாமல் விட்டிருப்பார்கள், டிமார்க் பதிவு போட்டிருக்க மாட்டார்கள், இரண்டும் ஓரிரு நாள் வேலை. பெரிய நிறுவனத்தில் இதைக் கவனிப்பதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். அதனால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். கோயம்புத்தூர்க்காரர்களிடமே கொடுத்து, “இதில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் உங்கள் பதில் என்ன” என்று கேளுங்கள். கோபப்படுகிறார்களா, மழுப்புகிறார்களா, அல்லது நான்கு நாளில் சரிசெய்துவிட்டு வந்து காட்டுகிறார்களா என்பதில் அந்த எழுத்தைவிட அதிகம் தெரிந்துவிடும்.

பெரிய கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பியர்சனைவிடப் பெரிய பாடநூல் நிறுவனம் உலகத்தில் அதிகம் இல்லை. 2018இல் அவர்களுடைய பள்ளி மதிப்பீட்டு மென்பொருள் ஒன்றில் யாரோ நுழைந்து, சுமார் 13,000 பள்ளி, கல்லூரிக் கணக்குகளிலிருந்து மாணவர் விவரங்களை எடுத்துப் போனார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்து ஆறு மாதமாகியும் அவர்கள் போட்டிருக்கவில்லை. அதைவிட எனக்கு வருத்தமான விஷயம், திருட்டு நடந்தது தெரிந்த பிறகும் 2019 ஜூலையில் முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த அறிக்கையில், தகவல் திருட்டு என்பது இனிமேல் நடக்கக்கூடிய ஓர் ஆபத்து என்கிற தொனியிலேயே எழுதினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஆகஸ்டில் இதற்காக 10 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. ஆகவே “எங்களிடம் கடுமையான பாதுகாப்பு இருக்கிறது” என்று எந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்தாலும் அது வெறும் வாக்கியம்தான், அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாளிதழ் நடத்துகிறவர், பாடநூல் போடுகிறவர், நாவலும் கவிதையும் போடுகிறவர் எல்லாரையும் பதிப்புத் துறை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொருவரும் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. பாடநூல்காரரிடம் இருப்பது குழந்தைகளின் விவரம், மேலே பார்த்தது அதுதான். நாளிதழுக்கு நேரம்தான் உயிர். 2018 டிசம்பர் கடைசி சனிக்கிழமை அமெரிக்காவில் ட்ரிப்யூன் பப்ளிஷிங் நிறுவனத்தின் கணினிகளைத் தீநிரல் தாக்கியபோது, லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், சான் டியேகோ யூனியன் ட்ரிப்யூன் பத்திரிகைகள் வாசகர் வீட்டுக்குத் தாமதமாகப் போயின. கவனியுங்கள், அந்த இரண்டும் அந்த வருடம் ஜூனிலேயே வேறு முதலாளிக்கு விற்கப்பட்டுவிட்டன. ஆனால் பக்கங்களை அச்சுக்கு அனுப்புகிற கணினி அமைப்பு இன்னும் பழைய முதலாளியுடையதாகவே இருந்தது. அதே அச்சகத்தில் அடிக்கப்படுகிற நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஆகியவற்றின் மேற்குக் கரைப் பதிப்புகளும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. அந்தப் பத்திரிகைகளுக்குத் தனித்தனியாக என்ன கிரேடு இருந்திருந்தாலும் அன்று காலையில் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஏனென்றால் எல்லாரும் தண்ணீர் பிடித்தது ஒரே குழாயில். உங்கள் மூன்று கம்பெனிகளிடமும் “நீங்கள் யாரை நம்பி ஓடுகிறீர்கள்” என்று கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

உங்களைப் போன்ற புத்தகப் பதிப்பகத்துக்கு நெருக்கமான உதாரணம் மேக்மில்லன். 2022 ஜூனில் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற தீநிரல், தாக்கியதும் கணினிகளை நிறுத்தி, நியூயார்க் அலுவலகத்தையும் மூடினார்கள். சில நாட்களுக்குக் கடைகளிலிருந்து வரும் ஆர்டரை வாங்கிச் செயல்படுத்த முடியவில்லை. புத்தகம் குடோனில் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, நடுவில் இருக்கிற கணினி இல்லை, அவ்வளவுதான்.

இதே கதை ஜப்பானில் இன்னும் பெரிய அளவில் நடந்தது, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கடோகாவா அந்த நாட்டின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்று. காமிக்ஸ், நாவல், சினிமா, நிகோநிகோ என்கிற வீடியோ தளம் என்று பெரிய குழுமம். 2024 ஜூன் 8 அதிகாலையில் சர்வர்கள் படுக்க ஆரம்பித்தன. பொறியாளர்கள் தொலைவிலிருந்தே சர்வர்களை நிறுத்தினார்கள், உள்ளே புகுந்தவர்களும் தொலைவிலிருந்தே அவற்றைத் திரும்ப ஆன் செய்தார்கள். கடைசியில் மின்சார ஒயரையும் நெட்வொர்க் ஒயரையும் கையால் பிடுங்கித்தான் நிறுத்த முடிந்தது. இந்த ஒரு காட்சியை நான் போகிற எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன். சொந்த சர்வரை அணைக்கிற அதிகாரம்கூடத் தங்களிடம் இல்லை என்று ஒரு பெரிய நிறுவனம் தெரிந்துகொண்ட விடிகாலை அது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பதிப்பாளர்களுக்குப் பாடம். புதுப் புத்தகங்களைத் தயாரிக்கிற வேலை பெரிதாகக் கெடவில்லை, ஆசிரியர் குழு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. படுத்தது அனுப்புகிற வேலை. ஏற்கெனவே வெளிவந்த புத்தகங்களைக் குடோனிலிருந்து எடுத்துக் கடைகளுக்கு அனுப்புவது வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. கணக்குப் பிரிவில் கையால் எழுதி வேலை பார்த்தார்கள். நிகோநிகோ திரும்ப வந்தது ஆகஸ்ட் 5 அன்று, கிட்டத்தட்ட இரண்டு மாதம். படைப்பாளிகள், ஊழியர்கள், குழுமத்தோடு சேர்ந்த இணையப் பள்ளியின் மாணவர்கள் என்று 2,54,241 பேருடைய விவரங்கள் வெளியே போனதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

இதை உங்கள் கணக்குக்குக் கொண்டு வாருங்கள். உங்களுக்கு வருமானம் தருவது புதுப் புத்தகமா, பழைய 400 தலைப்புகளா? பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்களுக்குப் பழைய தலைப்புகள்தான் மாதச் சம்பளம் மாதிரி. ஸ்டாக், ஆர்டர், கூரியர் மூன்றும் ஒரே மென்பொருளில் இருந்து, அது மூன்று வாரம் படுத்தால் என்ன நஷ்டம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மார்ச்சில் படுத்தால் ஒரு தொகை வரும். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு முன்னால், டிசம்பர் கடைசி வாரத்தில் படுத்தால் வேறு தொகை வரும். அந்த இரண்டாவது எண் உங்கள் கையில் இருந்தால் எந்தக் கம்பெனியோடும் தெளிவாகப் பேசலாம்.

இனி எழுத்தாளர் பக்கம். ஒரு பதிப்பகத்திடம் இருப்பதிலேயே விலை சொல்ல முடியாதது இன்னும் வெளிவராத கைப்பிரதிதான், இல்லையா? அதைத் திருடுவதற்குக் கணினியை உடைக்கவே தேவையில்லை என்று ஃபிலிப்போ பெர்னார்டினி வழக்கில் உலகமே பார்த்தது. லண்டனில் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தில் உரிமைப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர் அவர். 2016 ஆகஸ்ட் முதல் பல வருடங்கள், எடிட்டர் மாதிரியும் ஏஜெண்டு மாதிரியும் எழுத்தாளர்களுக்கு மெயில் போட்டு, “சமீபத்திய வரைவை அனுப்புங்கள்” என்று கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கைப்பிரதிகள். இதற்காக 160க்கு மேல் போலி டொமைன்கள் பதிவு செய்திருந்தார். முகவரியில் ஆங்கில ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்ன எழுத்தில் பார்க்க ‘எம்’ மாதிரியே இருக்கும், அதுதான் வித்தை. நம் மெய்ப்புத் திருத்துபவர்களிடம் கேட்டால் சிரிக்காமல் ஒப்புக்கொள்வார்கள், ரகரமும் துணைக்காலும் மாறிக் கிடந்தால் எத்தனை பழகிய கண்ணும் தாண்டிப் போய்விடும். 2022 ஜனவரியில் நியூயார்க் விமான நிலையத்தில் இறங்கியபோது அவரைக் கைது செய்தார்கள், அடுத்த வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். திருடியதை அவர் விற்கவில்லை, இணையத்தில் போடவும் இல்லை. ஆனால் எந்த சர்வரையும் உடைத்து எடுத்ததில்லை, பெரும்பாலும் கேட்டே வாங்கினார். தொழிலுக்குள் இருந்தவர் என்பதால் தொழிலில் பேசுகிற மாதிரியே எழுதத் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது. இப்படி ஒருவர் ஏமாற்றி வாங்கிப் போவதை ஒரு ரேட்டிங் எழுத்து காட்டாது.

நம் ஊரில் இது பெரும்பாலும் பிடிஎஃப் வடிவத்தில் வருகிறது. அச்சுக்குப் போகும் கோப்பை அச்சகத்துக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறோம், மெய்ப்புக்கு ஒருவருக்கு, அட்டை வடிவமைப்பவருக்கு, முன்னுரை எழுதுபவருக்கு, விமர்சனத்துக்கு நான்கு பேருக்கு. புத்தகம் வந்த வாரத்தில் டெலிகிராமில் கிடந்தால் யாரைக் கேட்பது? மெய்ப்புக்கும் முன்னுரைக்கும் போகிற பிரதியில் ஒவ்வொரு பக்கத்திலும் அவரவர் பெயரை மங்கலாகப் போட்டு அனுப்புங்கள், படத் தரத்தையும் குறைத்துவிடுங்கள். அச்சுக்கோப்பு அச்சகத்துக்கு மட்டும், அதுவும் சில நாளில் காலாவதியாகும் லிங்க் வழியாக. யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதாக நினைக்க வேண்டாம். நாளைக்கு ஏதாவது கசிந்தால் சம்பந்தமில்லாத ஒருவர் மேல் பழி விழாமல் இருக்கவும் இதுதான் உதவும்.

இவ்வளவு சொல்லிவிட்டு உங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. மூன்று கம்பெனிகளை ஒப்பிடுகிறீர்கள், நான்காவதாக உங்களையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னப் பதிப்பகத்திலிருந்து திங்கட்கிழமை காலை கூப்பிட்டார்கள். போனேன். புத்தகப் பக்கங்களை அடித்து வடிவமைக்கிற டிடிபி கணினியில் இருந்தது பழைய விண்டோஸ் 7. பழைய எழுத்துருவில் செய்த புத்தகங்கள் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் சரியாகத் திறக்கும் என்பதால் மாற்றாமல் வைத்திருந்தார்கள், அதுவும் கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து ஓட்டுகிற பிரதி. அந்த கிராக் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருந்தார்கள். ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகளின் பெயர் எல்லாம் அப்படியே இருக்கிறது, வருடவாரியாக, எழுத்தாளர்வாரியாக அழகாக அடுக்கியிருந்தது. ஆனால் ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் புரியாத ஏழெட்டு எழுத்து ஒட்டியிருந்தது, படச் சின்னம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை. “பேக்கப் இருக்கு சார்” என்று டிடிபி பார்க்கிற அம்மா நம்பிக்கையோடு சொன்னார். ஒரு ஹார்டு டிஸ்க், கணினியிலேயே செருகியபடி. தினமும் நகல் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று யாரும் அதைக் கழற்றியதே இல்லை. அதிலும் அதே வெள்ளைச் சின்னங்கள். பதினொரு வருட வேலை. பணம் கேட்டு எழுதியிருந்த குறிப்புக்கு அவர்கள் பதில் போடவில்லை, நானும் போட வேண்டாம் என்றுதான் சொன்னேன். அச்சகத்துக்கு மெயிலில் போயிருந்த பிடிஎஃப்கள் கொஞ்சம் மீண்டன. மீதிக்கு, அச்சான புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அந்த அம்மா மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அடுத்த வருடம் போனபோதும் அடித்துக்கொண்டுதான் இருந்தார். என்னால் ஒரு கோப்பைக்கூட மீட்டுக் கொடுக்க முடியவில்லை, அது இன்னும் மனதை உறுத்துகிறது.

உங்கள் டிடிபி கணினியில் கிராக் செய்த மென்பொருள் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள், மெயில் பார்ப்பதும் டவுன்லோடு செய்வதும் வேறு கணினியில் நடக்கட்டும். பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுகிற வேலையை மாதம் ஐந்து புத்தகம் என்று மெதுவாக ஆரம்பியுங்கள். பேக்கப்புக்கு இரண்டு ஹார்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம், எடுத்து முடித்ததும் கழற்றி ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டில். அதோடு இணையத்தில் ஒரு நகல், அதற்கு பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கிற மாதிரி. இதற்கு ஆகிற செலவு, நீங்கள் கண்காட்சியில் போடுகிற ஒரு ஸ்டால் வாடகையைவிட மிகக் குறைவு.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் நூலகத்தை 2023 அக்டோபரில் ரைசிடா என்கிற ரான்சம்வேர் கும்பல் தாக்கியது. பணம் கொடுக்காததால் கிட்டத்தட்ட 600 ஜிபி தகவலை வெளியே விட்டார்கள். 2024 மார்ச்சில் நூலகமே என்ன தப்பு நடந்தது என்று ஒளிக்காமல் அறிக்கை வெளியிட்டது, எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அதனால்தான். அந்த அறிக்கையில் இரண்டு விஷயம் நமக்கு. ஒன்று, வெளியாட்கள் தொலைவிலிருந்து நுழைவதற்காக வைத்திருந்த சர்வரில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடிபி மாதிரி இன்னொன்று கேட்பது) இல்லை, பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு, டிஜிட்டல் சேகரிப்புகளின் நகல் பத்திரமாக இருந்தது, ஆனால் அதைத் திரும்ப ஏற்றுவதற்குச் சரியான சர்வர் அமைப்பு இல்லாததால் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. நூல்கள் இரவல் போவதற்காக எழுத்தாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகைகூட இதனால் தாமதமானது.

சரி, மூன்று கம்பெனிகளிடமும் என்ன கேட்பது? ஒரே நாளில், ஒரே கேள்விகளை, எழுத்தில் கேளுங்கள். எங்கள் தகவல் எந்த சர்வரில், யாருடைய கிளவுடில் இருக்கும்? உங்கள் ஊழியர்களில் எத்தனை பேர் எங்கள் எழுத்தாளர்களின் வங்கி விவரத்தைப் பார்க்க முடியும், அவர்கள் எல்லாருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டா? வேலையை விட்டுப் போனவரின் லாகினை எத்தனை நாளில் மூடுகிறீர்கள்? கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப்பிலிருந்து முழுதாகத் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது? இந்தக் கடைசிக் கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். “தினமும் தானாக பேக்கப் ஆகிறது” என்பது இதற்குப் பதில் இல்லை. ஒரு தேதியும் ஒரு மணிக்கணக்கும் சொன்னால் செய்து பார்த்தவர்கள் என்று அர்த்தம். முடிந்தால் ஒரு படி மேலே போங்கள், ஒரு சோதனைக் கணக்கு வாங்கி இருபது தலைப்புகளை ஏற்றி, வேண்டுமென்றே அழித்துவிட்டு, “மீட்டுக் கொடுங்கள்” என்று போன் செய்து கடிகாரத்தைப் பாருங்கள். நான் இதைச் செய்யச் சொன்ன இடங்களில் பெரிய கம்பெனி டிக்கெட் எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காணாமல் போனதும் உண்டு, சின்ன கம்பெனி சாயங்காலத்துக்குள் கொடுத்ததும் உண்டு, அதற்கு நேர் எதிராக நடந்ததும் உண்டு. அதனால்தான் அளவை வைத்து முன்கூட்டியே எதையும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒப்பந்தம். வெளியேற வேண்டும் என்றால் எங்கள் தகவல் முழுவதையும் எக்செல் மாதிரி சாதாரண வடிவத்தில் எத்தனை நாளில் தருவீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். திருட்டு நடந்தால் எங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள் என்பதும் இருக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்காதீர்கள். சைபர் தாக்குதல்களைக் கவனிக்கிற இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி இப்படிப்பட்ட சம்பவத்தைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. வாசகர்களின் போன் எண்ணும் முகவரியும் கேட்டு வாங்குவது நீங்கள், சட்டத்தின் கண்ணில் முதல் பொறுப்பு உங்களுடையது, மென்பொருள் கம்பெனி உங்களுக்காக அதைக் கையாளுகிறது. அவர்கள் உங்களுக்குச் சொல்லாவிட்டால் நீங்கள் யாருக்கும் சொல்ல முடியாது. தகுந்த பாதுகாப்பு செய்யாமல் விட்டதற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஆறு பேர் பதிப்பகத்துக்கு அவ்வளவு போடமாட்டார்கள்தான், ஆனாலும் தெரிந்து வைத்திருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் போடுகிற யோசனையை முதலில் மாற்றுவேன். இணைய விற்பனையும் மின்னூலும் ஸ்டாக்கும் வெளியே போகட்டும். அதிலும் ஸ்டாக் பட்டியலைத் தினமும் சாயங்காலம் இறக்கி ஒரு பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும், அது இருந்தால் கண்காட்சி சமயத்தில் சர்வர் படுத்தாலும் பில் புத்தகம் வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ராயல்டியும் வங்கி விவரமும் தனியாக, உங்கள் கணக்காளரிடம் இருக்கிற டேலி மாதிரி ஒன்றில். வெளிவராத கைப்பிரதிகள் எந்தக் கம்பெனியிடமும் போக வேண்டாம், மின்னூல் வெளியாகிற வாரத்தில் கொடுத்தால் போதும். இப்படிப் பிரித்துவிட்டால் மூன்று பேரில் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே அடியில் எல்லாம் போகாது. அதன்பிறகு, திரும்ப ஏற்றிக் காட்டச் சொல்லும் சோதனையில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களிடம் கொடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் அந்த ‘டி’யைச் சரிசெய்துகொண்டு வந்து, சோதனையிலும் தேறினால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவர்களிடம்தான் போவேன். விபிபியும் (பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளும் தபால்) புத்தகக் கண்காட்சியும் தெரிந்தவர்கள், டிசம்பர் கடைசி வாரத்தில் போன் அடித்தால் எதற்கு அவசரம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு பேரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சின்ன கம்பெனியின் நிஜமான பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

அப்பாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நாற்பது வருடம் யாரும் திருடவில்லை என்பது உண்மை. அன்றைக்கு ஃபிலிம் அச்சகத்தில் இருந்தது, கணக்கு லெட்ஜரில் இருந்தது, ஸ்டாக் குடோனில் இருந்தது, ஒருவன் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமானால் மூன்று பூட்டை உடைத்திருக்க வேண்டும். மேலே நான் பிரிக்கச் சொன்னதும் அவர் பழைய முறையைத்தான். அவரிடம் நிச்சயம் ஒரு டைரி இருக்கும், எழுத்தாளர்களின் போன் எண்ணும் வீட்டு முகவரியும் கையால் எழுதியது. அதைக் கேட்டு வாங்குங்கள். “என் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை ராயல்டியை இதில் போடுங்கள்” என்று ஏதாவது ஓர் எழுத்தாளர் பெயரில் மெயிலோ வாட்ஸப்போ வந்தால், அதில் இருக்கிற எண்ணைக் கூப்பிடாதீர்கள், டைரியில் இருக்கிற எண்ணைக் கூப்பிட்டு, அவர் குரலைக் கேட்ட பிறகு மாற்றுங்கள். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. டைரியை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, அசலை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.